துயரின் நடுவே காத்திருந்த கவிஞர் போல் கேர்ஹார்ட்

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம், கிறிஸ்தவர்களுக்குக் காத்திருப்பின் காலமாகும். ஆயினும் உறவொன்றை அண்மையில் இழந்த இல்லத்திற்கு அக்காலம் பெரும் பாரமாகவே வந்து சேர்கின்றது. ஊரெங்கும் விழாக்கோலம் பூண்டிருக்கையில், துயருற்றோர் தமக்கு அதில் இடமில்லை என எண்ணி ஒதுங்கிக் கொள்கின்றனர். உண்மையில் இக்காலம் அவர்களுக்கே முதலில் உரியது என்பதை, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜேர்மானியப் பாடலாசிரியரும் லூத்தரன் சபைக் குருவானவருமான போல் கேர்ஹார்ட்டின் வாழ்வு உணர்த்துகின்றது.

விற்றன்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள கிரேபன்ஹைனிஷன் என்னும் சிற்றூரில் 1607 மார்ச் 12ஆம் திகதி அவர் பிறந்தார். சிறு பராயத்திலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். 1618இல் மூண்ட முப்பதாண்டுப் போர் அவரது இளமைக் காலம் முழுவதையும் விழுங்கியது. 1637இல் சுவீடன் நாட்டுப் படைகள் அவரது சொந்த ஊரைத் தீக்கிரையாக்கின. போரும் கொள்ளைநோயும் குலைத்துப்போட்ட அந்நாட்டில், நிலையானதொரு குருப்பணி அவருக்கு வாய்த்தபோது அவருக்கு வயது 44. 1651இல் மித்தன்வால்டே திருச்சபையின் பொறுப்பை அவர் ஏற்றார்.

அங்கிருந்த காலத்தில், 1653இல், அவரது புகழ்பெற்ற திருவருகைப் பாடல் அச்சேறியது. வரவிருக்கும் ஆண்டவரை ஏற்பதற்கு உள்ளத்தை ஆயத்தப்படுத்தும் அப்பாடல், இடையில் மனம் நொந்தவர்களை நோக்கித் திரும்புகின்றது. அவர்கள் அழுகையை நிறுத்தும்வரை ஆண்டவர் காத்திருப்பதில்லை. அழுதுகொண்டிருக்கையிலேயே அவர்களது வாசலில் வந்து நிற்கிறார் என்பதே அதன் சாரம்.

அவ்வாறு பாடியவரின் நம்பிக்கைக்குக் கடும் சோதனை அதன் பின்னரே வந்தது. 1655இல் அவர் அன்னா மரியாவை மணந்தார். தலைப்பிள்ளை 1657இல் கைக்குழந்தையாகவே மரித்தது. பிறந்த பிள்ளைகள் ஐவரில் நால்வரை அடக்கம் செய்யும் நிலை அவருக்கு ஏற்பட்டது. பேர்லினில் பணியாற்றியபோது, பிராண்டன்பேர்க் ஆட்சியாளர் பிறப்பித்த சமய ஆணையொன்றில் கையொப்பமிட மனச்சாட்சி இடங்கொடாமையால் 1666இல் பதவியிழந்தார். மறு ஆண்டில் மீளவும் அழைக்கப்பட்டபோதும் அவர் இணங்கவில்லை. 1668இல் மனைவியும் காலமானார். எஞ்சிய ஒரே மகனுடன் 1669இல் லூபென் நகருக்குச் சென்று, 1676 மே 27ஆம் திகதி தாம் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். அவர் பணியாற்றிய அத்தேவாலயம் இன்று அவரது பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவரது திருவருகைப் பாடலை இசைமேதை பாக் 1734இல் தமது நத்தார் இசைப் படைப்பில் இணைத்துக்கொண்டார். நாஸிகளால் 1943இல் சிறையிடப்பட்டு 1945இல் தூக்கிலிடப்பட்ட குருவானவர் டீட்ரிச் பொன்ஹொஃபருக்கும், சிறைக்கூடத்தில் கேர்ஹார்ட்டின் பாடல்கள் பெருந்துணையாயின.

கிறிஸ்தவ நம்பிக்கை கண்ணீரைத் தடைசெய்வதன்று. இழந்தவர்களை மறக்குமாறு அது எவரையும் பணிப்பதுமில்லை. கேர்ஹார்ட்டின் இழப்புகளில் எதுவும் இவ்வுலகில் ஈடுசெய்யப்படவில்லை. எனினும் இருளில் இருப்போரிடமே இறைவன் வருகிறார் என்ற உறுதியை அவர் கைவிடவில்லை. ஆகவே, இவ்வாண்டு தோரணம் கட்ட மனமற்றிருக்கும் இல்லத்தார் தம்மை விழாவுக்குப் புறம்பானவர்களாகக் கருதவேண்டியதில்லை. அயலில் வாழும் நாமும் வாழ்த்து அட்டையுடன் அமைந்துவிடாது, அவ்வீடுகளுக்குச் சென்று சற்றுநேரம் உடனமர்ந்திருப்பதே திருவருகைக் காலத்துக்கு ஏற்ற ஆயத்தமாகும்.