பெரிய கோயிலில் அறுந்த கயிறு... ஆறு வாரத்தில் மீண்ட லாம்டன்!

தஞ்சாவூர்ப் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வயல்தான். நடுநடுவே தென்னந்தோப்பு. மலைன்னு ஒண்ணு கிடையாது. 200 வருஷத்துக்கு முன்னாடி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரிக்கு அதுதான் பெரிய தலைவலி.

1802 ஏப்ரல் 10-ம் தேதி, சென்னை பரங்கிமலை அருகே அவர் நில அளவையைத் தொடங்கினார. எஃகுச் சங்கிலியை வைத்து சுமார் 12 கிலோமீட்டர் கோட்டை அளக்கவே 57 நாள் ஆச்சு. அந்த ஒரு கோடு போதும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஓர் இடத்தைப் பார்த்து, கோணத்தை அளந்தால், மீதி தூரமெல்லாம் கணக்கிலேயே வந்துவிடும். இப்படி முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளப்பதுதான் திட்டம். கோணம் பார்க்க அவரிடம் இருந்த தியோடலைட் கருவியின் எடை சுமார் அரை டன்!

மலைநாட்டில் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றைப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் தென்னை மறைக்கும். அதனால் லாம்டன் கோயில் கோபுரங்களைத் தேடிப் போனார். 1808-ல், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்தக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்துடுச்சு. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டமே நெளிஞ்சு போச்சு.

வேறு யாராவது இருந்தால் மூட்டை கட்டியிருப்பாங்க. அப்போது லாம்டனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வரைந்து, ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். ஆறு வாரத்தில் கருவி மறுபடி வேலைக்குத் தயார்!

இந்த அளவையால் முதலில் லாபம் பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனிதான். நிலத்தைத் துல்லியமாகத் தெரிந்தவனுக்கு ஆளுவதும் எளிது. ஆனால், பூமியின் உண்மையான வடிவத்தைக் கணக்கிட வேண்டும் என்பதே லாம்டனின் தனிப்பட்ட ஆசை.

1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், அளவைப் பயணத்திலேயே அவர் இறந்தார். கல்லறையும் அங்கேதான். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்கு அவர் பெயர் கிடைத்தது. வேலையைத் தொடங்கிய லாம்டனைப் பலருக்குத் தெரியாது.

அடுத்த முறை பெரிய கோயிலில் செல்ஃபி எடுக்கும்போது, விமானத்தை ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. அரை டன் கருவி கயிற்றில் ஏறிய உயரம் அது!