ஓட்டுச் சீட்டை நம்பியவர்

ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பெஸ்கோ பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. 1870-களில் அங்கே படித்தவர்களில் ஒருவர் இளவரசர் குஸ்டாவ். இன்னொருவர் பேராசிரியர் ஒருவரின் மகன், யால்மர் பிராண்டிங். இளவரசர் பின்னாளில் அரசரானார். பேராசிரியரின் மகனோ சிறைக்குப் போனார். பிறகு அதே அரசரிடம் பிரதம மந்திரியும் ஆனார்!

பிராண்டிங் 1860 நவம்பர் 23-ந் தேதி பிறந்தார். உப்சலா சர்வகலாசாலையில் கணிதமும் வான சாஸ்திரமும் பயின்றார். ஸ்டாக்ஹோம் வானாராய்ச்சி நிலையத்தில் வேலையும் பார்த்தார். ஆனால் அவர் மனம் நட்சத்திரங்களில் நிலைக்கவில்லை. ஆலைத் தொழிலாளிகளின் வாழ்க்கை அவரை இழுத்தது. வான சாஸ்திரத்தை விட்டுப் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். 'சோஷல் டெமாக்ரடன்' என்ற தொழிலாளர் பத்திரிகைக்கு ஆசிரியரானார். மத நிந்தனை என்று வழக்குக்கு ஆளான ஒரு கட்டுரையைத் தம் பத்திரிகையில் எடுத்துப் போட்டதற்காகச் சிறைவாசம் அனுபவித்தார். 1889-ல் சமூக ஜனநாயகக் கட்சி பிறந்தபோது முன்னணியில் நின்றார்.

பணத்துக்கே ஓட்டு

அந்நாளில் ஸ்வீடனில் ஏழைக்கு ஓட்டு கிடையாது. பார்லிமெண்டின் கீழ்ச்சபைத் தேர்தலில் ஓட்டளிக்கச் சொத்து வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்கு 800 க்ரோனா வருமானம் வேண்டும். கிராமசபைத் தேர்தலிலோ பணம் ஏற ஏற ஓட்டும் ஏறும். 1871-ல் 54 கிராமங்களில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் ஒரே ஆள் கையில் இருந்தன!

இதை மாற்ற வேண்டும். ஆனால் ரத்தம் சிந்தக் கூடாது. இதுவே பிராண்டிங்கின் கொள்கை. 1896-ல் மிதவாதிகளின் உதவியோடு பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1902 வரை அவர் கட்சிக்கு அங்கே அவர் ஒருவர்தான். அந்த ஆண்டு மே மாதம் ஓட்டுரிமை கேட்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் மூன்று நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1909-ல் ஆண்களுக்கு ஓட்டுரிமை விரிந்தது. பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் 1905-ல் நார்வே, ஸ்வீடனோடு இருந்த உறவை முறித்துக்கொண்டது. படையெடுத்து அடக்க வேண்டும் என்று சிலர் முழங்கினார்கள். கூடாது என்று பிராண்டிங் எதிர்த்து நின்றார். இரு நாடுகளும் போரின்றியே பிரிந்தன.

சோதனைக் காலம்

1917-ல் பெரும் சோதனை வந்தது. உலக யுத்தத்தால் உணவுப் பஞ்சம். தெருவெல்லாம் ஊர்வலம். ரஷ்யாவில் புரட்சி. அதே வழியில் நாமும் போவோம் என்று கட்சியின் இளைஞர்கள் துடித்தார்கள். பிராண்டிங் இணங்கவில்லை. கட்சி பிளந்தது. தாம் வளர்த்த இளைஞர்களே தம்மைத் துரோகி என்று தூற்றியதையும் பொறுத்துக்கொண்டார். மிதவாதிகளோடு கூட்டு மந்திரி சபையில் சேர்ந்து நிதி மந்திரியானார். உடல்நலம் குன்றியதால் சீக்கிரமே விலகினார். ஆனால் அந்த மந்திரி சபை பெண்கள் உட்பட அனைவருக்கும் ஓட்டுரிமை வழங்க வழி செய்தது.

1920-ல் பிராண்டிங் பிரதம மந்திரியானார். 1921-ல் ஆலந்து தீவுகள் யாருக்கு என்ற வழக்கு சர்வதேச சங்கத்தின் முன் இருந்தது. அத்தீவுகளின் மக்கள் ஸ்வீடிஷ் மொழி பேசுபவர்கள். ஸ்வீடனோடு சேர விரும்பியவர்கள். ஸ்வீடனுக்காக வாதாடியவர் பிராண்டிங். தீர்ப்போ பின்லாந்துக்குச் சாதகமாயிற்று. அது அவருக்குப் பெரும் ஏமாற்றம். ஆயினும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார். அந்த ஆண்டே நார்வே நாட்டுக் கிறிஸ்டியன் லாங்கேயுடன் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1921 செப்டம்பரில் ஸ்வீடன் பெண்கள் முதன்முறையாகப் பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டளித்தார்கள். ஐந்து பெண்கள் வெற்றி பெற்றார்கள். பிராண்டிங் மீண்டும் பிரதமரானார். 1924-ல் மூன்றாம் முறையும் பதவி ஏற்றார். நோய் விடவில்லை. 1925 ஜனவரியில் விலகினார்; பிப்ரவரி 24-ந் தேதி காலமானார்.

அவருடைய கட்சி 1932 முதல் 1976 வரை, நடுவில் 1936-ல் சில மாதங்கள் தவிர, ஸ்வீடனை ஆண்டது. 1976-ல் தேர்தலில் தோற்றதும் அமைதியாகப் பதவியை விட்டிறங்கியது. பிராண்டிங் காட்டிய வழி அதுதான்.