டூப்ளெக்ஸ் கணக்கு போட்ட லூயி ஷ்வெண்ட்லர்

நெட்வொர்க் லேப்ல ஸ்விட்ச் முன்னாடி உட்கார்ந்து ஸ்பீடு ஆட்டோ, டூப்ளெக்ஸ் ஆட்டோன்னு அடிச்சுட்டு அடுத்த போர்ட்டுக்குப் போயிடுவோம். அந்த டூப்ளெக்ஸ் என்ற சொல் ஈதர்நெட் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாடியே இந்தியாவில் புழங்கியது. அதற்கு முழுசா ஒரு கணக்கு எழுதினவர் கல்கத்தாவில் தந்தித் துறை வேலையில் இருந்த ஜெர்மன்காரர், கார்ல் லூயி ஷ்வெண்ட்லர்.

பிறந்தது 1838-ல், பிரஷ்யாவில். சீமென்ஸ் கம்பெனியில் கேபிள் சோதிக்கிற வேலை பழகியவர். 1860-களின் கடைசியில் இந்தியத் தந்தித் துறைக்கு வந்தார். அப்போ இங்கே நிலைமை என்னன்னா, தந்தி ஊர் ஊராகப் போயிருந்தது. 1850-களிலேயே நம்ம ஊட்டி வரைக்கும் கம்பி ஏறிடுச்சு. ஆனா ஒரு கம்பியில் ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் செய்தி போகும். இவர் அடிக்கும்போது அவர் கேட்கணும். இன்னைக்கு நாம ஹாஃப் டூப்ளெக்ஸ்னு சொல்றது அதுதான். இன்னொரு கம்பி இழுக்கலாம், ஆனா ஆயிரம் மைலுக்கு இரும்புக் கம்பியும் கம்பமும் சும்மா வராது.

ஒரே கம்பியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும் யோசனை அவருடையது இல்லை. 1853-லேயே வியன்னாவில் கின்ட்ல் செய்து பார்த்துவிட்டார். தந்திரம் இதுதான்: நான் அனுப்பும் கரண்ட் என் ரிசீவரையே ஆட்டக் கூடாது, எதிர்ப்பக்கத்துக் கரண்ட் மட்டும் ஆட்டணும். அதுக்கு ஆபீஸுக்குள்ளேயே நிஜ லைன் மாதிரியே ரெசிஸ்டன்ஸும் கண்டென்சரும் வைத்து ஒரு பொய் லைன் கட்டுவார்கள். கரண்ட் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி நிஜ லைனுக்கும் மறு பாதி பொய் லைனுக்கும் போகும். இரண்டும் சமமாக இருந்தால் ரிசீவருக்கு எதுவும் தெரியாது. வீட்ஸ்டோன் பிரிட்ஜ் பேலன்ஸ் ஆவதை நாம முதல் வருஷ லேப்லயே பார்த்ததுதான்.

படம் போட்டால் அழகா இருக்கும். மழை வந்தால்தான் வம்பு. எங்க ஸ்ரீமதுரை, கூடலூர் பக்கம் ஆடி மழையைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பத்துப் பீங்கான் எல்லாம் நனைஞ்சு, ஒவ்வொரு கம்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் தரைக்கு இறங்கும். காலையில் சரி செய்த பேலன்ஸ் மத்தியானம் இருக்காது. இதில் மோசம் என்னன்னா லைன் செத்துப் போகாது. ஓடும், ஆனால் உளறும். ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ்னு கையால் போட்டு, மறுபக்கம் ஆட்டோவில் விட்டால் அந்த ஆட்டோ போர்ட் ஹாஃபில் போய் உட்காருமே, அது போல: பச்சை விளக்கு எரியும், பிங் போகும், பெரிய ஃபைல் மட்டும் நகராது.

லைன் மாறாமல் இருக்கும்னு ஷ்வெண்ட்லர் எதிர்பார்க்கவே இல்லை. மாறத்தான் போகிறது, அப்போ குழப்பம் குறைவாக இருக்கவும், கலைந்ததைச் சட்டென்று சரிசெய்யவும் ரெசிஸ்டன்ஸ்களை எப்படி வைக்கணும்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் 1874 முதல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் டூப்ளெக்ஸ் தந்தியின் பொதுக் கோட்பாட்டை எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடு, படிக்க சுலபம் இல்லை. இன்றைய கிகாபிட் போர்ட் நாலு ஜோடிக் கம்பியிலும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டே கேட்கிறது. தான் அனுப்பியதைத் தானே கழித்துக்கொள்கிறது. எக்கோ கேன்சலேஷன்னு நாம படிக்கிறது அதே பொய் லைன்தான், சிப்புக்குள் போயிடுச்சு.

என்னைக் கேட்டால் அவர் செய்ததில் பெரிசு கோட்பாடு இல்லை, சோதனை முறைதான். எதிர்முனையைத் திறந்து வைத்து அளந்தால் கசிவு தெரியும். தரையோடு இணைத்து அளந்தால் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் தெரியும். மைலுக்கு எவ்வளவு என்று தெரிந்திருந்தால், பழுது எத்தனையாவது மைலில் என்று ஆபீஸிலிருந்தே கணக்குப் போடலாம். காட்டுக்குள் கம்பம் கம்பமாக நடந்து தேட வேண்டிய லைன்மேனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! இப்போ ஸ்விட்ச் ஒரு பல்ஸ் அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து கேபிள் எத்தனை மீட்டரில் அறுந்திருக்குன்னு சொல்லுது. அவர் இந்திய அரசுக்காக எழுதிய தந்தி லைன் சோதனைக் கையேடு 1878-லிருந்து லண்டனில் இரண்டு பாகமாக அச்சானது.

மனுஷன் லைனோடு நிற்கவில்லை. ரயில் நிலையங்களுக்கு மின்விளக்கு போட முடியுமான்னு சோதனை செய்து அறிக்கை கொடுத்தார். வீட்டில் மிருகங்கள் வளர்த்தார். கல்கத்தாவுக்கு ஒரு மிருகக்காட்சிசாலை வேண்டும் என்று விடாமல் பேசி, 1876-ல் அலிப்பூரில் அது திறந்தபோது தன்னிடமிருந்த மிருகங்களையே அதற்குக் கொடுத்தார். இன்றும் கல்கத்தாவில் அவர் பெயர் தெரிந்தவர்களில் பலர் அவரை மிருகக்காட்சிசாலைக்காரராகத்தான் அறிவார்கள்.

1882 ஜனவரியில் பெர்லின் பக்கத்தில் ஷோனபெர்க்கில் இறந்தார். அப்போ வயசு 43.