சுமையறிந்த ஓவியர்: எட்வர்ட் லியர்

சித்திரகாரப்புலி என்று சிறப்புப் பெயர் பூண்ட மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தது சீயமங்கலக் குகைக்கோயில். அதன் எதிரே அமர்ந்து வரைய விழையும் எவரும் முதற்கண் எண்ணவேண்டுவது, எதைக் கையோடு கொண்டு செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதே. அவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை தந்த ஓவியர் ஒருவர் 1874ஆம் ஆண்டில் தமிழகம் வந்தார். அவர் கவிஞரும் ஆவார். எட்வர்ட் லியர் என்பது அவர் பெயர்.

லியர் 1812ஆம் ஆண்டு மே திங்கள் 12ஆம் நாள் இலண்டன் மாநகரை அடுத்த ஹாலோவேயில், பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். தமக்கை ஆன் அவரைத் தாய்போல் வளர்த்தார். வலிப்பும் இரைப்பும் இளமை முதலே அவரை வாட்டின. வலிப்பு நோயைப் பிறர் அறியாவண்ணம் மறைத்தே வாழ்ந்தார். உயிருள்ள கிளிகளைக் கண்டு வரைந்த நூலால் இருபது வயதிற்குள் பெயர் பெற்றார். பின்னர் நிலக்காட்சி ஓவியத்தை மேற்கொண்டார். 1846இல் விக்டோரியா அரசியாருக்கு ஓவியம் கற்பித்தார். அவ்வாண்டிலேயே அவருடைய வேடிக்கைப் பாடல்களும் நூலுருப் பெற்றன. அவர் பரப்பிய ஐந்தடிப் பாவகையே, ஈழத்துக் கவிஞர் மகாகவியின் கைவண்ணத்தால் 1966இல் தமிழில் குறும்பா என்னும் நூலாய் மலர்ந்தது.

1856இல் கோர்ஃபுத் தீவில் ஜியார்ஜியோ கோக்காலி என்பார் அவரிடம் பணியாளராய்ச் சேர்ந்தார். அன்றுமுதல் பயணங்களில் அவரே துணை. லியர் அவருக்கு எழுத்தறிவித்தார். அவர் லியரின் சுமையைப் பகிர்ந்தார்.

அச்சுமை ஏன் சிறிதாயிருந்தது என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். வெளியிடத்தில் லியர் பெரும்பாலும் பென்சிலால் மட்டுமே வரைவார். வண்ணங்களைத் தீட்டுவதற்கு மாறாக, எங்கே நீலம், எங்கே பழுப்பு என்று அந்தந்த இடத்திலேயே சொற்களால் குறித்துவைப்பார். ஊர்ப்பெயர், நாள், நேரம், வரிசை எண் ஆகியனவும் தாளிலேயே இடம்பெறும். கோடுகளுக்கு மையும் நீர்வண்ணமும் ஏறுவது பின்னரே. கவிஞரின் சொல் ஓவியரின் வண்ணப்பெட்டியாயிற்று எனலாம்.

1872இல் இந்தியாவுக்குப் புறப்பட்டுச் சூயஸ்வரை வந்து திரும்பியவர், மறு ஆண்டு நவம்பரில் பம்பாய் வந்திறங்கினார். அகவை அறுபத்தொன்று. அரசப் பிரதிநிதி நார்த்புரூக் பிரபுவின் அழைப்பே இப்பயணத்திற்குக் காரணம். 1874இல் சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சை, திருச்சி, நீலகிரி என நம் நாட்டைச் சுற்றி வரைந்து, இலங்கை சென்றார். அங்கே கோக்காலி கடும் வயிற்றுக்கடுப்பால் படுத்த படுக்கையானார். பதினெட்டு ஆண்டுக்காலம் தம் பயணங்களைத் தாங்கியவரை இழந்துவிடுவோமோ என்று லியர் கலங்கினார். நற்பேறாகக் கோக்காலி பிழைத்தெழுந்தார். 1875 சனவரியில் இருவரும் பம்பாயில் கப்பலேறினர்.

இந்தியாவில் குறித்துச் சென்ற தாள்களைக் கொண்டே லியர் கஞ்சன்ஜங்கா மலையை எண்ணெய் வண்ணத்தில் பெரிய ஓவியங்களாய்த் தீட்டினார். அவருடைய இந்தியப் படங்களுள் பெரும்பகுதி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

கோக்காலி 1883இல் மறைந்தார். 1888 சனவரி 29ஆம் நாள் இத்தாலியின் சான் ரெமோ நகரில் லியரும் கண்மூடினார். அந்நகரக் கல்லறைத் தோட்டத்தில் லியரின் நடுகல்லும் கோக்காலியின் நினைவுக்கல்லும் அருகருகே நிற்கின்றன.

குறைந்த பொருளோடு செல்க. நிறைந்த குறிப்போடு மீள்க. உடன் சுமந்தவரை மறவற்க. சீயமங்கலத்துக்கு ஏடும் பென்சிலும் ஏந்திச் செல்லும் நம் வட்டத்தார்க்கு அப்பெருமகனார் விட்டுச்சென்ற செல்வம் இதுவே.