ஹாவி குஷிங் (1869 – 1939)

அகஞ்சுரக்கும் சுரப்பிகளைப் பற்றி விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்றிருப்பீர்கள். மூளையின் அடியில் பட்டாணி அளவிலே அமைந்துள்ள கபச்சுரப்பியும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் இருக்கும் அதிரினல் சுரப்பிகளும் அவற்றுள் அடங்கும். கபச்சுரப்பி ஏவ, அதிரினல் சுரப்பி கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கும். இவ்வேவல் அளவு மீறும்போது மனித உடலுக்கு நேர்வதை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான ஹாவி குஷிங் ஆவார்.

இவர் 1869 ஏப்ரல் 8 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லன்ட் நகரில், பத்துப் பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தந்தை, பாட்டன், பூட்டன் ஆகிய மூவரும் வைத்தியர்களே. யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் ஹாவாட் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

1893 இல், கல்லூரியில் மாணவராக இருந்தபோது, சத்திரசிகிச்சைக்கான ஒரு நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கவில்லை. மாணவர்களே அதைச் செய்தனர். நோயாளி இறந்துவிட்டார். மனமுடைந்த குஷிங் படிப்பையே கைவிட எண்ணினார். ஆனால் கைவிடவில்லை. தம் நண்பர் ஏணஸ்ட் கொட்மனுடன் சேர்ந்து, மயக்கத்திலிருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாளிற் குறிக்கும் முறையை உருவாக்கினார். இன்றும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் இத்தகைய பதிவு வைக்கப்படுகிறது. 1901 இல் இத்தாலியின் பாவியா நகரில் றிவா-றொச்சி அமைத்த குருதியமுக்கமானியைக் கண்டு, அதனைத் தாயகத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலும் பின்னர் பொஸ்டன் நகரிலும் பணியாற்றிய இவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூளைக்கட்டிகளை அகற்றினார். மூளையைத் திறந்தால் மரணமே என்றிருந்த காலம் அது. இவர் கையில் இறப்பு வீதம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பழகுவதற்கு இனிமையானவர் என்று இவரைச் சொல்ல முடியாது. உதவியாளர்களைக் கடுமையாக நடத்தினார். ஆயினும் நோயாளரின் உருவத்தை இவரளவு பொறுமையாகப் பார்த்துக் குறித்தவர்கள் குறைவு. பலரை வரைந்தும் படம்பிடித்தும் வைத்தார்.

1910 இன் இறுதியில் 23 வயதுப் பெண்ணொருவர் இவரிடம் வந்தார். முகம் வட்டமாக உப்பியிருந்தது; வயிறு பருத்திருந்தது; கைகால்களோ மெலிந்திருந்தன. தோலில் ஊதாநிறக் கோடுகள் காணப்பட்டன. குருதியமுக்கம் உயர்ந்திருந்தது. மாதவிடாயும் நின்றிருந்தது. இத்தகையோரை மிதமிஞ்சி உண்பவர்கள் என்று உலகம் ஏளனம் செய்வது எளிது. குஷிங் அவ்வாறு கருதவில்லை. சுரப்பிகளிலே ஏதோ பிழை என ஊகித்து, 1912 இல் வெளியிட்ட நூலில் அப்பெண்ணின் நிலையை விவரித்தார். நோயின் மூலத்தைத் தீர்க்க அவரிடம் வழி இருக்கவில்லை.

விடை காண மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1932 இல் 12 நோயாளரின் விபரங்களைத் திரட்டி, கபச்சுரப்பியில் தோன்றும் மிகச் சிறிய கட்டியே இதற்குக் காரணம் என்று எழுதினார். அந்நோய் இன்று குஷிங் நோய் எனப்படுகிறது. இவர் 1939 ஒக்டோபர் 7 ஆம் திகதி நியூஹேவன் நகரில் மாரடைப்பால் காலமானார். உடலைப் பரிசோதித்தபோது, ஆயிரக்கணக்கான கட்டிகளை அகற்றிய அவரது மூளையிலும் ஒரு சிறு நீர்க்கட்டி இருந்தமை தெரியவந்தது.

அவர் காலத்தில் இந்நோய்க்கு மாத்திரை எதுவும் இல்லை. சிகிச்சையின்றி விடப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குள் இறந்தனர். 1950 களின் இறுதியில் மெட்டிரபோன் வந்தது. கோட்டிசோல் உருவாகும் கடைசிப் படியிலுள்ள நொதியத்தை அது தடுக்கிறது. பங்கசு நோய்க்கெனத் தயாரிக்கப்பட்ட கீட்டோகொனசோல் இந்த ஓமோனையும் குறைப்பது 1980 களில் அறியப்பட்டது. அதனை உட்கொள்வோரின் ஈரலை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். 2020 இல் ஒசிலோட்ரொஸ்டாற் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. எனினும் கட்டியை மூக்கின் வழியாக அகற்றுவதே இன்றும் முதற் சிகிச்சை. அது இயலாதபோதும், அகற்றியபின் நோய் திரும்பும்போதும் மாத்திரைகள் கைகொடுக்கின்றன. அளவு கூடினால் கோட்டிசோல் தேவைக்கும் கீழே இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். எனவே வைத்தியரின் துண்டின்றி இம்மருந்துகளை வாங்கக் கூடாது.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலியை அண்டிய வில்கமுவவில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் என்ன செய்வார்? ஊர் வைத்தியசாலையில் காட்டி, அங்கிருந்து கடிதம் பெற்றுக் கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கு செய்யப்படும் சோதனையொன்று எளிமையானது. கோட்டிசோல் காலையில் உயர்ந்தும் நள்ளிரவில் தாழ்ந்தும் இருப்பது இயல்பு. இரவு 11 மணிக்கு டெக்சாமெதசோன் மாத்திரையை விழுங்கச் செய்து, மறுநாட் காலையில் குருதி எடுப்பர். சுகதேகியின் உடல், மாத்திரையைக் கண்டு சுரப்பை நிறுத்திவிடும். நோயாளியின் உடல் நிறுத்தாது.

ஆனால் கபச்சுரப்பிக் கட்டி அரியது. வட்ட முகமும் ஊதாக் கோடுகளும் உள்ளவரிடம் வைத்தியர் முதலிற் கேட்பது, அவர் விழுங்கும் மாத்திரைகளையும் பூசும் களிம்புகளையும் பற்றியே. தொய்வுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் கோட்டிசோலைப் போலவே தொழிற்படுகிறது. நல்ல மருந்துதான்; பல உயிர்களைக் காத்தது. பழைய துண்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவோருக்கு அதே குஷிங் தோற்றம் வந்துவிடுகிறது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. வெளியிலிருந்து ஓமோன் கிடைத்த காலமெல்லாம் அதிரினல் சுரப்பி சுருங்கிச் செயலற்றிருக்கும். அது மீள்வதற்குள் வாந்தி, மயக்கம், குருதியமுக்க வீழ்ச்சி ஆகியன ஏற்படலாம். ஆகையால் வைத்தியர்கள் மாத்திரையின் அளவை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்துகின்றனர்.