இடுப்புக்குப் புது மூட்டு தந்த டாக்டர் சார்ன்லி

இங்கிலாந்தில் ஒரு வீடு. கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் இருந்த ஒரு பொருளை எடுக்கக் கணவர் சற்றே முன்னால் குனிந்தார். கிரீச்சென்று ஒரு சத்தம்!

சத்தம் போட்டது நாற்காலி அல்ல. அவருடைய இடுப்பு!

எண்ணெய் காணாத கதவுக் கீல் போல அது கத்தியது. அவர் குனியும் போதெல்லாம் கத்தியது. மனைவிக்கு அந்தச் சத்தத்தைச் சகிக்க முடியவில்லை. கணவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதையே தவிர்க்கத் தொடங்கினார்.

அந்த மனிதருக்கு இடுப்பு மூட்டில் ஆபரேஷன் நடந்திருந்தது. கெட்டுப்போன எலும்புப் பந்தை எடுத்துவிட்டு, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பந்தை வைத்திருந்தார்கள். பாரிஸ் நகரத்து ழூடே சகோதரர்கள் 1946-ல் கண்ட முறை அது. அன்று அதற்கு நல்ல பெயர் இருந்தது.

இந்தக் கதை ஒரு டாக்டரின் காதுக்கு எட்டியது. மற்றவர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. மூட்டு ஏன் கத்த வேண்டும் என்று யோசித்தார். அவர்தான் ஜான் சார்ன்லி.

மருந்துக் கடைக்காரர் மகன்

சார்ன்லி 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பெரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடை வைத்திருந்தார். தாய் நர்ஸ் வேலை பார்த்தவர். மான்செஸ்டர் சர்வகலாசாலையில் படித்து, 1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு வருஷமே ரண சிகிச்சை நிபுணருக்கான உயர்ந்த பரீட்சையிலும் தேறினார். அப்போது அவருக்கு வயது 25.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. அவர் ராணுவ டாக்டர் ஆனார். 1940-ல் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் துருப்புகள் தப்பி வந்தபோது அவரும் அங்கே இருந்தார். பிறகு எகிப்துக்குப் போனார். பட்டறையும் கருவிகளும் அவருக்கு உயிர். உடைந்த காலுக்குத் தாங்கு கட்டை வேண்டுமென்றால், அதை எப்படிச் செய்வதென்று தொழிலாளியோடு உட்கார்ந்து யோசிப்பார்.

பந்தும் கிண்ணமும்

நம் இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் போன்றது. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணம். இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது.

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அது முதல், உடலை அறுக்காமலே இந்த மூட்டைப் பார்க்க முடிந்தது. எலும்பு படத்தில் வெள்ளையாகத் தெரியும். குருத்தெலும்பு தெரியாது. ஆகவே ஆரோக்கியமான மூட்டில், பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும். மூட்டு வாதம் முற்றியவருக்கு அந்த இடைவெளி இராது. குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும். ஒவ்வொரு அடியும் வேதனை! இரவில் தூக்கம் இல்லை. செருப்பு மாட்டக்கூட இன்னொருவர் துணை வேண்டும்.

சார்ன்லி சோதனை செய்து பார்த்தார். உயிருள்ள மூட்டு, ஐஸ் மேல் ஐஸ் வழுக்குவதைவிட எளிதாக வழுக்கியது. பிளாஸ்டிக் பந்தோ எலும்பின் மேல் உரசியது. உரசல்தான் சத்தத்துக்குக் காரணம். அந்த உரசலே பந்தை ஆட்டி ஆட்டி எலும்பிலிருந்து தளரச் செய்கிறது என்றும் அவர் கண்டார்.

பந்தை மட்டும் மாற்றினால் போதாது, கிண்ணத்தையும் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். பந்து உலோகத்தில் இருக்கட்டும். கிண்ணம் வழுக்கும் பொருளில் இருக்கட்டும். பந்து சிறியதாக இருந்தால் கிண்ணத்தைப் புரட்டும் சக்தி குறையும். ஆகவே பந்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் சுமார் 22 மில்லி மீட்டர் குறுக்களவில் நிறுத்தினார்.

இரண்டையும் எலும்பில் பொருத்துவது எப்படி? பல் செட் செய்யும் அக்ரிலிக் பசை கைகொடுத்தது. செங்கல்லுக்கு நடுவே சாந்து போல, அது எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே இறுகி, பாரத்தைப் பரவலாகத் தாங்கியது.

இந்த வேலைக்காக சார்ன்லி, மான்செஸ்டர் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியை விட்டு, ரைட்டிங்டன் என்ற கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அது காச நோயாளிகளுக்காக நடந்துவந்த ஆஸ்பத்திரி.

வெற்றியும் வீழ்ச்சியும்

கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் டெப்லான். தோசை ஒட்டாமல் இருக்க வாணலியில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். 1958 முதல் ஆபரேஷன்கள் நடந்தன. பலன் அற்புதம்! தடியூன்றி வந்தவர்கள் தடி இல்லாமல் நடந்தார்கள். வலி போயிற்று. 1961-ல் லண்டன் வைத்தியப் பத்திரிகையான லான்செட்டில் சார்ன்லி தம் முறையை விளக்கி எழுதினார். உலகம் கவனித்தது.

ஆனால், ஆபரேஷன் முடிந்தவர்களை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. திரும்ப வரச் சொல்லி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

உலோகப் பந்து படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். முதல் படத்தில் அது கிண்ணத்தின் நடுவே இருந்தது. அடுத்த படத்தில் சற்றே மேலே ஏறியிருந்தது. அதற்கடுத்த படத்தில் இன்னும் மேலே! டெப்லான் தேய்ந்துகொண்டிருந்தது. உலோகப் பந்து அதைக் குடைந்துகொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. நன்றாக நடப்பவர்களின் மூட்டிலும் தேய்மானம் தெரிந்தது. நோயாளிக்கு வலி வருமுன்னே படம் சொல்லிவிட்டது!

தேய்ந்த தூள் உடம்புக்குள் சிதறிக் கட்டிகளை உண்டாக்கியது. எலும்பு அரித்தது. ஏறக்குறைய 300 மூட்டுகள் இப்படிப் பாழாயின. வலி தீர்ந்ததென்று நன்றி சொன்னவர்களை மறுபடியும் ஆபரேஷன் மேஜையில் கிடத்த வேண்டி வந்தது.

படத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கலாம். பழியைப் பிறர் மேல் போட்டிருக்கலாம். சார்ன்லி இரண்டையும் செய்யவில்லை. டெப்லானைக் கைவிட்டார். பழைய கிண்ணங்களை எடுத்துவிட்டுத் திரும்ப ஆபரேஷன் செய்யும் வேலையில் இறங்கினார்.

தறிக்கு வந்த பிளாஸ்டிக்

1962 மே மாதம். ஆஸ்பத்திரிப் பட்டறைக்கு ஒரு வியாபாரி புது பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். லங்காஷயர் நெசவாலைத் தறிகளின் உறுப்புகளுக்குப் பயன்பட்ட சரக்கு அது. பை செய்கிற பாலிதீனுக்கு அண்ணன், மிகக் கெட்டியானது. சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்தார். உதவாது என்று ஒதுக்கிவிட்டு, கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டுப் போனார்.

பட்டறையில் இருந்த ஹாரி கிரேவன் என்ற தொழிலாளி அதைத் தூக்கி எறியவில்லை. தேய்மானம் பார்க்கும் யந்திரத்தில் மாட்டி, இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை! திரும்பி வந்த சார்ன்லி பார்த்தார். தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்.

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. டெப்லான் தூளையும் புதிய பிளாஸ்டிக் தூளையும் தம் சொந்தத் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்து, டெப்லான் இருந்த இடங்கள் முடிச்சாகப் பருத்திருந்தன. புதிய பொருள் இருந்த இடம் தடவினாலும் அநேகமாகத் தெரியவில்லை.

1962 நவம்பரில் புதிய கிண்ணம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே கிண்ணத்தின் மேல் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை வைக்கும் வழக்கம் வந்தது. கம்பிக்கும் பந்துக்கும் உள்ள தூரத்தைப் படத்தில் அளந்தால், எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லிவிடலாம். அப்படி அளந்ததில், ஆண்டுக்குச் சராசரி சுமார் 0.15 மில்லி மீட்டர்தான் தேய்மானம் என்று தெரிந்தது. பத்து ஆண்டுக்கு ஒன்றரை மில்லி மீட்டர்!

ஆண்டுக்கணக்கில் பலன் பார்த்த பிறகே மற்ற டாக்டர்களுக்கு அதைக் கொடுக்கச் சம்மதித்தார். அவர்களும் ரைட்டிங்டனுக்கு வந்து பயிற்சி பெற வேண்டும் என்றார். ஆபரேஷன் அறைக்குள் சுத்தக் காற்று பாய வழி செய்து, சீழ் பிடிப்பதை நூற்றுக்கு ஏழு என்ற அளவிலிருந்து ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார்.

படம் பார்த்துப் பொருத்துவது

1974-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1977-ல் சர் பட்டம் வந்தது. 1982 ஆகஸ்டு 5-ந் தேதி, 70-வது வயதில் சார்ன்லி காலமானார்.

இன்று மூட்டைப் பொருத்துமுன்னே டாக்டர்கள் படத்தில் அளந்துகொள்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு உள்ளதைவிட 15 முதல் 20 சதவீதம் பெரிதாகத் தெரியும். அதனால் அளவு தெரிந்த ஓர் உலோகக் குண்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். குண்டு எவ்வளவு பெருத்ததோ, எலும்பும் அவ்வளவே பெருத்திருக்கும். கணக்குப் போட்டுச் சரியான அளவு மூட்டை எடுத்து வைக்கிறார்கள்.

1971-ல் இன்னொரு ஆங்கிலேயரான ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. ஸ்கேன் யந்திரம் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. ரொட்டியைத் துண்டு போடுவது போல அது உடலைப் படம் படமாகக் காட்டும். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டர் ஒன்று சேர்த்து முழு எலும்பையும் உருவாக்கிக் காட்டுகிறது. எலும்பு மிகவும் சிதைந்தவர்களுக்கு, அந்த உருவத்துக்கு ஏற்றபடி டைட்டானியம் தூளை அடுக்கடுக்காக உருக்கி, அவருக்கென்றே மூட்டு செய்து விடுகிறார்கள்.

மூட்டு பொருத்தியவர்களை, வலி இல்லாவிட்டாலும் அவ்வப்போது வந்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். நன்றாகத்தானே நடக்கிறோம் என்று பலர் போவதில்லை. ரைட்டிங்டனில் அந்த 300 பேரில் பலரும் ஒரு காலத்தில் நன்றாகத்தான் நடந்தார்கள். தேய்மானத்தை முதலில் சொன்னது படம்தான்.