சிரிப்பில் ஓர் இல்லறம்: ஓவியர் சிக் யங்

பாவலர்கள் கூடும் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், அமெரிக்க நாளிதழ்ச் சித்திரக்காரர் ஒருவருக்கு இடம் எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். இரண்டடியில் ஒரு வாழ்வை அடக்குவதன் அருமை அறிந்தவர்கள் நாம். நான்கு கட்டங்களுக்குள் ஒரு குடும்பத்தை நாள்தோறும் குடியமர்த்தியவரை அறிந்துகொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

மியூரட் பெர்னார்டு யங் என்பது அவரது இயற்பெயர். 1901 சனவரி 9 அன்று சிகாகோவில் பிறந்து செயின்ட் லூயி நகரில் வளர்ந்தார். தாய் ஓவியம் அறிந்தவர். தமையன் லைமன் யங்கும் பின்னாளில் சித்திரத் தொடர் படைத்துப் பெயர் பெற்றார். சிக் யங் 1921 முதல் சில தொடர்களை வரைந்தார். அவை யாவும் நாகரிக நங்கையரைப் பற்றியவை. அவற்றுள் 'டம்ப் டோரா' ஓரளவு நிலைத்தது. 1927இல் யாழிசைக் கலைஞர் ஏதெல் லிண்டார்ஃபை மணந்தார்.

1930 செப்டம்பர் 8 அன்று 'பிளாண்டி' தொடங்கியது. ஆட்டமும் பாட்டமுமாகத் திரியும் பொன்னிறக் கூந்தல் பெண் ஒருத்தி. அவளை விரும்பும் செல்வர் மகன் டாக்வுட் பம்ஸ்டெட். அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம் அது. வேலையிழந்து நின்ற வாசகருக்குச் செல்வச் சீமானின் காதல் விளையாட்டு கசந்தது. தொடர் நலியவே, யங் துணிந்து ஒரு முடிவெடுத்தார். மணத்திற்கு இசையாத பெற்றோரை எதிர்த்து டாக்வுட் உண்ணாநோன்பு இருந்தான். 28 நாள் கழிந்து பெற்றோர் இணங்கினர். ஆயினும் சொத்தில் ஒரு காசும் இல்லை என்று கைவிரித்தனர். 1933 பிப்ரவரி 17 அன்று திருமணம் நடந்தது. மறுநாள் முதல் டாக்வுட் மாதச் சம்பளக்காரன். தொடர் வாழ்ந்தது வறுமையை ஏற்றதனால்தான் என்பது என் துணிபு.

உண்ணல், உறங்கல், பிள்ளை வளர்த்தல், பொருளீட்டல் ஆகிய நான்குமே யங்கின் முதற்பொருள்கள். நள்ளிரவில் குளிர்பெட்டியைத் திறந்து டாக்வுட் அடுக்கும் மலையொத்த ரொட்டி அடுக்கு அவன் பெயராலேயே அகராதி ஏறிற்று. காலையில் வாயிலைத் தாண்டி ஓடும்போது அஞ்சற்காரர் பீஸ்லியின்மீது மோதுவான். அலுவலகத்தில் முதலாளி டிதர்ஸிடம் வசை வாங்குவான். மாலையில் சாய்மெத்தையில் கண்ணயர்வான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இவையே திரும்பத் திரும்ப வந்தன; சலிக்கவில்லை.

அதற்கு முன் 1913இலேயே ஜார்ஜ் மக்மானஸ் தொடங்கிய தொடரில் மனைவி கணவனைப் பூரிக்கட்டையால் அடிப்பாள். நம் வார இதழ்களும் அந்தக் கட்டையை நெடுங்காலம் கீழே வைக்கவில்லை. யங் அதைத் தொடவில்லை. தொல்காப்பியர் நகைக்குக் கூறிய காரணங்களுள் எள்ளலை ஒதுக்கிப் பேதைமையைக் கைக்கொண்டவர் அவர். பிளாண்டி அறிவுடையவள், டாக்வுட் வெகுளி, இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர். பெண்ணை அடுக்களையிலேயே நிறுத்திவிட்டார் என்னும் குறை உண்டு. அது நியாயமான குறையே. அவள் சொந்தத் தொழில் தொடங்கியது 1991இல், யங் மறைந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

1934 ஏப்ரலில் தொடரில் ஒரு குழந்தை பிறந்தது. பேபி டம்ப்ளிங் என்று வாசகர் கொஞ்சிய அவனே பின்னாளில் அலெக்சாண்டர். அவன் தாளில் தவழ்ந்து நடை பழகி மூன்று வயது எய்திய 1937இல், யங் தம்பதியரின் முதல் மகன் வேன் மஞ்சட்காமாலையால் இறந்தான். பிள்ளைக் குறும்பை வரைந்தே பிழைத்த கைக்கு இதனினும் கொடிய சோதனை என்ன உண்டு? யங்கும் மனைவியும் அமெரிக்காவை விட்டு நீங்கி ஓராண்டு ஐரோப்பாவில் கழித்தனர். புறநானூற்றுக் கையறுநிலை பயின்ற நாம், புதல்வனை இழந்தவன் பாடுவான் என்று எதிர்பார்ப்போம். இவர் பாடவில்லை. திரும்பி வந்து, டாக்வுட்டின் மகனை மறுபடியும் குறும்பு செய்ய விட்டார். அந்தச் சிரிப்பில் துயரத்தின் சுவடு உண்டா என்று தேடிப் பார்த்தேன், எனக்குத் தென்படவில்லை. தென்படாதபடி வரைந்ததையே நான் அவருடைய பெருமையாகக் கருதுகிறேன்.

1938இல் மகன் டீன் பிறந்தான். ஜீன் என்றொரு மகளும் உண்டு. தொடரிலும் 1941இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது; வாசகரிடம் பெயர் கேட்டுக் குக்கி என்று சூட்டினர். 1938 முதல் 1950 வரை கொலம்பியா நிறுவனம் இக்குடும்பத்தை வைத்து 28 திரைப்படங்கள் எடுத்தது. 1948இல் அமெரிக்கச் சித்திரக்காரர் சங்கத்தின் ரூபன் விருது யங்கிற்குக் கிடைத்தது. பின்னாளில் ஃபுளோரிடாவில் குடியேறினார். ஓவிய வேலையில் ஜிம் ரேமண்ட் நெடுங்காலம் துணைநின்றார்.

1973 மார்ச் 14 அன்று சிக் யங் மறைந்தார். படைத்தவர் போனபின் தொடர் நில்லாது என்று கருதிச் சில நாளிதழ்கள் அதைக் கைவிட்டன. எழுதும் பொறுப்பை ஏற்றவர் டீன் யங். துயரத்திற்கு மறு ஆண்டு பிறந்த மகன். விட்டுச் சென்ற நாளிதழ்கள் பலவும் பின்னர்த் திரும்பி வந்தன.